தாய்மாமனும் ஐஸ் தேத்தண்ணியும்

பொன்னையாவுக்கும் அவர் தங்கை சுதர்ஷினிக்கும் பேச்சு நின்றுபோனது ஒரு கோப்பைத் தேநீரால். நிலத் தகராறு இல்லை, நகைத் தகராறு இல்லை. ஆறிப்போன ஒரு கோப்பைத் தேநீர், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நானுஓயாவுக்குக் கீழே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஆள் வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்பே கேத்தல் அடுப்பில் ஏறிவிடும். ஆவி பறக்கக் கொடுத்தால்தான் மரியாதை. ஆறினதைக் கொடுத்தால் ‘எழுந்து போ’ என்று வாயால் வேறு சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடித் திருவிழாவுக்குப் பொன்னையா தன் மனைவி வழிச் சொந்தங்களையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். ராகலையில் மரக்கறி லொறி ஓட்டுகிற மனிதர். கையில் எப்போதும் ஒரு கட்டு லீக்ஸ் இருக்கும், வாயில் எப்போதும் பேச்சு இருக்கும். கீழ் வளைவில் அவர் தலை தெரிந்ததுமே சுதர்ஷினி தேநீரை ஊற்றி வரிசையாக வைத்துவிட்டாள். எதிலும் முந்திக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. அவரோ எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று, கரட் விலையில் ஆரம்பித்துக் கோவில் கமிட்டி வரைக்கும் பேசிவிட்டு, ஆடி அசைந்து மேலே வந்து சேர்ந்தார். உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. சம்பந்தக்காரர்கள் முன்னால் கோப்பையை டொக்கென்று கீழே வைத்தார்.

“இந்த வீட்டுல தேத்தண்ணியிலயே சூடு இல்ல. மனுசங்க மனசுல எங்க இருக்கப் போகுது!”

அதோடு விட்டிருந்தால் அண்ணன் ஒரு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் சரியாகியிருப்பார். சுதர்ஷினி விடுகிற ஆளா? தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்கக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அத்தனை வாயையும் அடக்கத் தெரிந்தவளுக்குத் தன் ஒரு வாயை அடக்கத் தெரியாது.

“சூடு வேணும்னா அடுப்புல போயி ஒக்காருங்க!” என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோசனம்? பொன்னையா தோளில் கிடந்த துண்டை உதறினார், எழுந்தார், போய்விட்டார். சம்பந்தக்காரர்களும் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்கள். தீபாவளிக்கு அவர் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அண்ணி லெட்சுமி மட்டும் கழிவறைக்குள் நின்று பேசுகிறவள் போலப் போனில் கிசுகிசுவென்று வாழ்த்துச் சொன்னாள்.

இப்போது சித்திரை வந்துவிட்டது. சுதர்ஷினியின் மகள் தக்ஷிகாவுக்கு ஐந்து வயது. காது குத்த வேண்டும்.

காது குத்துவதென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் புதுச் சட்டையும் மாமன் வீட்டுச் சீராக வர வேண்டும். சுதர்ஷினிக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த மடி இல்லாவிட்டால் விசேஷம் இல்லை. ஊர் பேசும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் காது குத்திய நாளில் அப்பா இறந்து வருசம்கூடத் திரும்பியிருக்கவில்லை என்பதும், மாமன்கள் யாரும் இல்லாததால் பள்ளிக்கூடச் சட்டையோடு பொன்னையாதான் அவளை மடியில் வைத்துக்கொண்டார் என்பதும், அவள் கடித்த கடியில் அவர் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது என்பதும் அவளுக்கு மறந்துபோகுமா?

இருந்தும் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு ராகலைக்குப் போனது அவள் இல்லை. புருஷன் யோகேஸ்வரனைத்தான் அனுப்பினாள். நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் அவன் வெயிட்டர். யாரிடமும் சிரித்துப் பேசத் தெரிந்தவன். போய்வந்தவனை வாசலிலேயே மடக்கினாள்.

“தட்ட வாங்கிக்கிட்டாரா?”

“வாங்கிக்கிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“பாப்போம்னாரு.”

“பாப்போம்னா வர்றேன்னு அர்த்தமா, வரலன்னு அர்த்தமா?”

“பாப்போம்னா பாப்போம்தான். நான் என்ன ஜோசியமா பாத்தேன்?” என்றான் யோகேஸ்வரன்.

இந்தத் தவிப்பு போதாதென்று மகள் வேறு ஒரு நிபந்தனை போட்டாள். புது வருசத்துக்கு ஹோட்டலில் ஊழியர் குடும்பங்களைக் கூப்பிட்டு விருந்து கொடுத்தபோது, கண்ணாடி ஜாடியில் பழத்துண்டுகள் மிதக்கும் சிவப்புத் தண்ணீர் ஒன்றைத் தக்ஷிகா குடித்திருந்தாள். குடித்தது முதல் அதே ஞாபகம். “காது குத்துற அன்னைக்கு அந்த ஜூஸ் வேணும். இல்லன்னா காதக் காட்ட மாட்டேன்” என்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அது ஜூஸ் இல்லடா குட்டி. ஐஸ் தேத்தண்ணி. பழம் போட்ட ஐஸ் தேத்தண்ணி” என்றான் யோகேஸ்வரன் பெருமையோடு. “அப்பா செஞ்சு தர்றேன். வர்ற எல்லாருக்கும் அதுதான். சித்திர வெயிலுக்குச் சும்மா ஜில்லுன்னு இருக்கும்.”

சுதர்ஷினி கையிலிருந்த அகப்பையோடு திரும்பினாள்.

“ஒங்களுக்கு என்ன கிறுக்கா? ஆறின தேத்தண்ணி ஊத்துனதுக்கே எங்கண்ணன் இந்தப் படியேறாம இருக்காரு. இப்ப ஐஸ் கட்டியே போட்டு ஊத்தப் போறீங்களா?”

“மச்சானுக்கு மட்டும் சூடா குடுப்போம்.”

“மத்தவங்க கையில அவரு பாக்க மாட்டாரா?”

“ஜூஸுன்னு சொல்லுவோம்.”

அகப்பை இறங்கியது. அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தத் தண்ணீருக்கு அன்றைக்குப் பழ ஜூஸ் என்றுதான் பெயர், தேத்தண்ணி என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று முடிவானது. பக்கத்து வீட்டு நிஷாந்திக்கும் சொல்லிவைத்தார்கள். அண்ணன் வந்தால் அவருக்கு மட்டும் கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர். நிஷாந்தி கீழ் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்று குரல் கொடுப்பாள். அப்போதும் ஊற்றக் கூடாது. அவர் வாசலுக்கு வந்து, கதையளந்து முடித்து, நாற்காலியில் முதுகு சாய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒரு தடவை பட்டது போதும்.

இனித் தேத்தண்ணி செய்ய வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. யோகேஸ்வரனுக்கு ஐஸ் தேத்தண்ணியைத் தட்டில் ஏந்திக்கொண்டுபோய்த் துளி சிந்தாமல் வைக்கத் தெரியும். எப்படிச் செய்வதென்று தெரியாது. அதைச் சொன்னால் கௌரவம் என்னாவது?

“இதுல என்ன இருக்கு? தேத்தண்ணிதானே” என்று சட்டைக் கையை மடித்துவிட்டான். தோட்டத்தில் மாசாமாசம் கொடுக்கிற தேயிலைத் தூளைக் கைநிறைய அள்ளிப் பெரிய சட்டியில் போட்டான். தேநீர் என்றால் அவனைப் பொறுத்தவரை கறுக்கக் கறுக்கக் கொதிக்க வேண்டும், நாக்கில் பட்டால் பல்லெல்லாம் கூச வேண்டும். அப்படித்தான் அந்தத் தோட்டத்தில் எல்லாரும் குடித்து வளர்ந்தார்கள். இரண்டு கொதி விட்டான், மூன்றாவதும் விட்டான், சீனி போட்டுக் கலக்கி வடிகட்டினான், சூட்டோடு சூடாகச் சட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தான்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது மழை பெய்து முடிந்த ஓடைத் தண்ணீர் சட்டிக்குள் இருந்தது. தெளிவென்பது மருந்துக்கும் இல்லை. கலங்கி, வெளுத்து, சேற்று நிறத்தில் ஒன்று. எட்டிப் பார்த்த நிஷாந்தி மூக்கில் விரலை வைத்தாள்.

“பால் ஊத்துனீங்களா அண்ணே?”

“இல்லம்மா.”

“அப்ப எதத்தான் ஊத்துனீங்க?”

சுதர்ஷினி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். கஷாயம். தக்ஷிகா ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள், பேசாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் யோகேஸ்வரன் ஹோட்டலில் பானங்கள் கலக்குகிற துஷாந்துக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சுதர்ஷினி பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துஷாந்த் போனுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

“கொதிக்க வச்சா ஐஸ்ல கலங்கத்தான் செய்யும் அண்ணே. ஒங்க தோட்டத்துக் கடுஞ்சாயம் இன்னும் கூடுதலாவே கலங்கும். அடுப்பையே பத்த வைக்காதீங்க.”

“அடுப்பு இல்லாம தேத்தண்ணியா?”

“ஆமா. தூள் வேணாம், பெரிய இலையா வாங்குங்க. பச்சத் தண்ணியில போட்டு மூடி ஐஸ்பெட்டில வைங்க. ராத்திரி பூரா கெடக்கட்டும். காலையில வடிச்சு எடுங்க. துணியில போட்டுப் பிழியாதீங்க, கசந்துரும். ஸ்ட்ராபெரிய நறுக்கிச் சீனி போட்டு வச்சா அதுவே சாறு விடும். பேஷன் பழத்த விதையோட கலக்குங்க. தோடம்பழத்த மட்டும் கடைசியில வெட்டிப் போடுங்க, முந்திப் போட்டா தோலு கசக்கும்.”

போனை வைத்ததும் சுதர்ஷினி புருஷனைப் பார்த்தாள்.

“ஹோட்டல்ல நீங்கதான் எல்லாம் செய்யிறதா சொன்னீங்க?”

“கொண்டுபோயி வைக்கிறதும் ஒரு வேலதானே” என்று முனகினான் அவன்.

பச்சைத் தண்ணீரில் தேயிலை போடுவதைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தேயிலையோடு கிடந்தவர்கள்தான். கொழுந்து பறித்தவர்கள், பெக்டரியில் இலை வாட்டியவர்கள். ஆனால் தீயில்லாமல் தேயிலையைத் தண்ணீரில் போட்டு அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. “ஊறப்போட்ட பயறு மாதிரி மொளைக்குமா அக்கா?” என்று நிஷாந்தி கேட்டதற்குச் சிரித்த சிரிப்பில் அன்றைய சாயங்காலம் போனதே தெரியவில்லை. ஒரு ஃபிரிட்ஜ் போதாமல் நிஷாந்தி வீட்டு ஃபிரிட்ஜிலும் போத்தல்களை அடுக்கினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளிலெல்லாம் ஐஸுக்குத் தண்ணீர் உறைந்தது.

சுதர்ஷினிக்கு நம்பிக்கை இல்லை. படுக்கப் போகும்முன் திறந்து பார்த்தாள், இளம் மஞ்சளாகத்தான் இருந்தது. விடிந்ததும் முதல் வேலையாக மறுபடி திறந்தாள். போத்தலுக்குள் செம்பொன் நிறத்தில், அடி தெரியும் தெளிவோடு தேநீர் இருந்தது. ஒரு கிளாசில் ஊற்றி ஒரு மிடறு குடித்தாள். கசப்பு இல்லை. துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் வந்து நின்று நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போயிற்று. அதன் பின்னால் ஒரு வாசம் வந்தது. வாடப்போட்ட கொழுந்துக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசம். இத்தனை வருசமாக இதைக் கொதிக்கவைத்தே விரட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. உடனே அண்ணன் ஞாபகம் வந்து அந்தச் சந்தோசம் பாதியாகக் குறைந்தது.

விசேஷ நாளில் வெயில் கொளுத்தியது. நுவரெலியாப் பக்கத்தில் அது வருசத்தில் கொஞ்ச நாள் நடக்கிற அதிசயம். முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். கல்லடுக்கி விறகு மூட்டிச் சமையலையும் வெளியே வைத்துக்கொண்டதால் வீட்டுக் குசினி காலியாக, அடுப்பு சில்லென்று கிடந்தது. அங்கேதான் நிழலில் பெரிய எவர்சில்வர் அண்டாவில் ஐஸ் தேத்தண்ணியை வைத்திருந்தார்கள். ஸ்ட்ராபெரி சாறு விட்டுச் சிவந்திருந்தது. பேஷன் பழ விதைகளும் ஆரஞ்சு நிறத் தோடம்பழ வட்டங்களும் மேலே மிதந்தன. யோகேஸ்வரன் ஹோட்டல் தட்டை ஏந்துகிற அதே நடையில் பந்தலுக்குள் கிளாஸ்களைக் கொண்டுபோனான். “ஜூஸ், ஜூஸ்” என்று சொல்லிச் சொல்லி நீட்டினான். குடித்தவர்கள் கிளாசைக் கீழே வைக்கவில்லை, நேரே நீட்டி மறுபடி கேட்டார்கள்.

சுதர்ஷினியின் கண் மட்டும் கீழ் வளைவிலேயே இருந்தது. வளைவில் காவலுக்கு நின்ற நிஷாந்தி ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினாள். வெளியடுப்பில் கேத்தல் கொதித்து, வற்றி, மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி கொதித்தது. நல்ல நேரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. டவுனிலிருந்து வந்திருந்த பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெரியப்பா மகன் இருக்கானே, அவனும் மாமன் மொறதானே. ஒக்கார வச்சிருவோமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வேணாம்” என்றாள் சுதர்ஷினி. “எங்கண்ணன் மடி இல்லாட்டி புள்ளைக்குக் காது சும்மா இருக்கட்டும்.”

நான்தான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும், என் வாய்க்கொழுப்பு என் பிள்ளை தலையில் விடிந்துவிட்டது என்று மனசுக்குள் தன்னைத் திட்டிக்கொண்டு, கண்ணைத் துடைக்கிறதற்காகக் குசினிப் பக்கம் ஓடினாள். வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

உள்ளே பொன்னையா இருந்தார்.

தோட்டத்து ரோட்டில் பாலம் உடைந்திருந்ததால் லொறியைக் கீழே விட்டுவிட்டு, சீர்ப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, தேயிலை மலை நடுவே போகும் குறுக்குப் படியில் ஏறி, வீட்டின் பின்பக்கமாக வந்து சேர்ந்திருந்தார். அந்த வழியைக் காவல் காக்க யாருக்கும் தோன்றவில்லை. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க வந்த லெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குசினியில் இருந்தது தக்ஷிகா மட்டும்தான். கூட்டத்துக்குத் தெரியாமல் அண்டாவோடு தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவள், களைத்து வந்த மாமனைப் பார்த்ததும் வீட்டுக்காரி மாதிரி அகப்பையில் மொண்டு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அவர் ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். இன்னொன்று கேட்டிருக்கிறார். இப்போது கையில் இருப்பது மூன்றாவது.

ஆறின தேத்தண்ணி. ஐஸ் கட்டி மிதக்கிற ஆறின தேத்தண்ணி. அண்ணன் கையில்.

பொன்னையா தலையை நிமிர்த்தினார். ஆடியிலிருந்து பேசாத மனிதர் கிளாசைத் தூக்கிக் காட்டினார்.

“என்னடி இது? அமிர்தமா இருக்கு. என்ன பழம் போட்டிருக்க?”

சுதர்ஷினி ஓடியதைப் பார்த்து வளைவிலிருந்து ஓடிவந்த நிஷாந்தி பின்னாலிருந்து அவள் முதுகில் இடித்தாள். “ஜூஸுன்னு சொல்லுங்கக்கா” என்று காதுக்குள் கிசுகிசுத்தாள்.

ஜூஸ் என்று சொன்னால் முடிந்தது. அண்ணன் எழுந்து பந்தலுக்கு வருவார், மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வார், எல்லாம் சுபம். ஒரு வார்த்தைதான். ஆனால் சுதர்ஷினி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இத்தனை நாள் கழித்து அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கா பொய் சொல்வது?

“அண்ணே” என்றாள். “அது தேத்தண்ணி.”

நிஷாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். பொன்னையா கிளாசுக்குள் பார்த்தார்.

“தேத்தண்ணியா?”

“ஆமா.”

“ஆறினதா?”

“ஆறினதுக்கும் மேலண்ணே. ராத்திரி பூரா ஐஸ்பெட்டில வச்சது.”

“மாமா மூணு கிளாஸ் குடிச்சிட்டாரும்மா” என்று தக்ஷிகா சாட்சி சொன்னாள்.

லெட்சுமி மாரியம்மனைக் கும்பிடுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னையா கிளாசை ஒரு தரம் சுழற்றினார். ஐஸ் கட்டி கிணுகிணுத்தது. பிறகு அவர் வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, வாய் கடைசியாகத்தான் திறந்தது.

“அன்னைக்கும் இதே மாதிரி ரெண்டு துண்டு தோடம்பழத்தப் போட்டுக் குடுத்திருந்தா நான் ஏன்டி கோவிச்சுக்கிட்டுப் போகப்போறேன்!”

சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார். சுதர்ஷினிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள்.

“தட்டு எடுத்துக்கிட்டு நீ ஏன் வரல?” என்று கேட்டார் அவர்.

“பயமா இருந்துச்சுண்ணே. வாசலோட திருப்பி அனுப்பிருவீங்களோன்னு.”

“ஒன்னைய நான் அனுப்புவேனா? ம்? என்னைய அடுப்புல போயி ஒக்காரச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“இப்ப எங்க ஒக்காந்திருக்கேன் பாரு.”

அப்போதுதான் அவள் பார்த்தாள். குசினியில் நாற்காலி இல்லை. இருந்த முக்காலியில் தக்ஷிகா ஏறி நின்றிருந்தாள். உட்கார வேறு இடம் இல்லாமல் பொன்னையா, புது வேட்டியும் பட்டுத் துண்டுமாக, ஆறிக் கிடந்த அடுப்புத் திண்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தார். நிஷாந்தி சிரித்த சிரிப்பில் பந்தலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“ஜூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்புள” என்றார் பொன்னையா, தட்டோடு ஓடிவந்த யோகேஸ்வரனிடம். “ஆனா எனக்கு எந்தங்கச்சி கையால சூடா ஒரு தேத்தண்ணி வேணும். ஒக்காந்துட்டேன்னு சொல்லு, ஊத்தட்டும்.”

பின்பக்கம் கரி அப்பிய வேட்டியோடு அவர் பந்தலில் போய் உட்கார்ந்தார். தக்ஷிகாவை மடியில் இருத்திக்கொண்டார். சுதர்ஷினி வெளியடுப்புக்கு ஓடினாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடிக்க அடிக்க ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, சேலைத் தலைப்பால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பத்தர், “நேரம் ஆச்சு, புள்ளைய இறுக்கிப் பிடிங்க” என்றார்.

இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருக்க எப்படிக் குடிப்பது? கோப்பை அவர் பக்கத்தில் பலகைமேல் இருந்தது. முதல் காதுக்குத் தக்ஷிகா போட்ட கூச்சல் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. இரண்டாவது காதுக்குத் தாயைப் போலவே மாமன் கையைக் கடித்தாள். “ஆத்தாடி, அதே எடம்!” என்று பொன்னையா அலறினார். தோடு போட்டாயிற்று. அழுகையை நிறுத்த லொறிக் கதை சொன்னார், கரடிக் கதை சொன்னார், இரண்டு கதையையும் கலந்து கரடி லொறி ஓட்டுகிற கதை சொன்னார். பிள்ளை தேம்பித் தேம்பி அடங்கியது. அப்புறம் மொய்யெழுத வந்தவர்கள், குசலம் விசாரிக்க வந்தவர்கள், லீக்ஸ் விலை கேட்க வந்தவர்கள். பொன்னையா யாரைத்தான் பேசாமல் விட்டார்?

எல்லாம் முடிந்து சுதர்ஷினி திரும்பிப் பார்த்தபோது கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. ஆவி போய், மேலே ஆடை மாதிரி மெல்லிசாக ஒன்று படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டுப்போயிருந்தது.

“குடுங்கண்ணே, வேற ஊத்திக் கொண்டாறேன்” என்று அவசரமாக எடுக்கப் போனாள்.

பொன்னையா முந்திக்கொண்டார். மடியில் தூங்கிப்போன பிள்ளை அசையாமல் ஒரு கையால் கோப்பையை எடுத்தார். போன ஆடியில் கூட இருந்த அதே சம்பந்தக்காரர்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கவே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அடிமண்டி வரைக்கும் நிதானமாகக் குடித்து முடித்து, கோப்பையைத் தங்கையின் கையில் கொடுத்தார்.

“நல்ல சூடுடி” என்றார்.